கொடுங்கையூர்: எரிப்பதா, பிரிப்பதா, அரியலூருக்கு அனுப்புவதா?

மே மாதத்தில் வடசென்னையில் ஏதாவது ஒரு இளநீர்க் கடையோரம் சாயங்காலம் நின்று பாருங்கள். கடைக்காரருக்குப் பின்னால் இடுப்பளவுக்கு மட்டை குவிந்திருக்கும். தண்ணீரைக் குடித்து, வழுக்கையையும் வழித்துத் தின்ற பிறகுகூட ஒரு மட்டையைத் தூக்கினால் கை கனக்கும். அந்தக் கனத்தில் பெரும்பங்கு ஈரம். அன்றைக்கு வெட்டிய மட்டையை அடுப்பில் வைத்தவர்களுக்குத் தெரியும், புகை வரும், கண் எரியும், உலை கொதிக்காது. சென்னைக் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்த மட்டைதான்.

விஷயம் இது. கொடுங்கையூர் குப்பைமேடு ஏறக்குறைய 340 ஏக்கர். அங்கே சேர்ந்து கிடக்கும் 66 லட்சம் டன் பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, மண் வேறு பிளாஸ்டிக் வேறாகப் பிரிக்கும் பயோமைனிங் வேலைக்குச் சுமார் 640 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அது பழைய பாக்கி. தினமும் புதிதாக வந்து இறங்கும் குப்பைக்கு மாநகராட்சி முன்வைத்த வழி, அதே வளாகத்தில் நாளொன்றுக்கு 2,100 டன்னை எரித்து 31 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் எரிஉலை. 2025 மே மாதம் வடசென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் ஒன்று சேர்ந்து அதை எதிர்த்து மனிதச் சங்கிலியாக நின்றன. மேயரும் கவுன்சிலர்களும் ஹைதராபாத்தில் ஜவகர்நகரில் ஓடும் இதே வகை ஆலையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். விஷப் புகை என்று ஒரு பக்கம், நவீனத் தொழில்நுட்பம் என்று ஒரு பக்கம். "சரிங்க, எரிக்க வேண்டாம்னா வேற என்னதான் பண்றது?" என்று டீக்கடையில் கேட்பவர் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கிறார். இந்தக் கட்டுரை அவருக்காக.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. இப்படியே கொட்டிக்கொண்டிருப்பது, உலையில் எரிப்பது, காய்ந்த குப்பையை சிமென்ட் ஆலைகளுக்கு அனுப்புவது, மக்கும் குப்பையைத் தனியாகப் பிரித்து எருவாகவோ எரிவாயுவாகவோ மாற்றுவது. இவற்றை எடை போட நான் எடுத்துக்கொண்ட படிக்கல் ஒன்றே ஒன்று. கணக்கு தப்பிப்போனால் எவ்வளவு சீக்கிரம் திருத்திக்கொள்ள முடியும்? குப்பை விஷயத்தில் இந்த நாட்டில் போட்ட கணக்கு முக்கால்வாசி தப்பித்தான் போயிருக்கிறது. அதனால் இப்படி யோசிப்பது நல்லது.

கொட்டிக்கொண்டே இருந்தால்

இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மூடிக் கிடக்கும் ஈரக் குப்பை உள்ளுக்குள் அழுகி மீத்தேன் விடும். கோடையில் எங்கோ ஒரு மூலையில் பற்றிக்கொள்ளும். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் பற்றிக்கொண்டு ஒரு வாரத்துக்கு மேல் அந்த ஊரையே மூச்சுத் திணற வைத்தது. மழைக்காலத்தில் குப்பையிலிருந்து ஊறி வரும் கறுப்புத் தண்ணீர் நிலத்தடியில் இறங்குகிறது. குப்பைமேடு என்பது புகைபோக்கி இல்லாத, வடிகட்டி இல்லாத, கணக்குப் புத்தகமும் இல்லாத ஓர் எரிஉலை. எரிஉலையை எதிர்ப்பவர்கள் இதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். ஒழுங்காக நடக்கும் உலை, எரியும் குப்பைமேட்டைவிட மேல். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. "ஒழுங்காக நடக்கும்" என்ற இரண்டு வார்த்தையில்தான் தகராறு.

எரித்தால்

முதலில் மின்சாரக் கணக்கு. 31 மெகாவாட் உலை ஒரு நாள் முழுக்க நிற்காமல் ஓடினால் 7 லட்சத்து 44 ஆயிரம் யூனிட். அதை 2,100 டன்னால் வகுத்தால் டன்னுக்கு 354 யூனிட் வருகிறது. குப்பையை எரித்து நீராவி எடுத்து டர்பைன் சுற்றும் ஆலையில் வெப்பத்தில் நாலில் ஒரு பங்கு மின்சாரமாக மாறினாலே பெரிய விஷயம். அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், உள்ளே போகும் குப்பை கிலோவுக்குச் சராசரி 1,200 கிலோகலோரியாவது தர வேண்டும். 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் வைத்த கோடு இன்னும் மேலே: மறுசுழற்சிக்கு ஆகாத, கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்குக் குறையாத குப்பையைக் குழியில் கொட்டக் கூடாது, எரிபொருளாக்க வேண்டும் என்றன.

இப்போது இளநீர் மட்டைக்கு வருவோம். ஒரு கிலோ தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கவைத்து ஆவியாக்க 600 கிலோகலோரிக்கு மேல் வேண்டும். குப்பையில் பாதி ஈரம் என்றால், ஒவ்வொரு கிலோவுக்கும் 300 கிலோகலோரி வெறுமனே ஈரத்தை விரட்டுவதற்கே போய்விடும். மிச்சம் இருப்பதும் சோறு, வாழை இலை, காய்கறித் தோல், மண். இதையெல்லாம் சேர்த்து 1,200 கொண்டுவருவது லேசான காரியமா?

இந்தக் கேள்விக்கு டெல்லி ஒரு முறை காசு கொடுத்துப் பதில் வாங்கியிருக்கிறது. 1987-இல் திமார்பூரில், டென்மார்க் தொழில்நுட்பத்தில், நாளுக்கு 300 டன் எரிக்கும் ஆலையைக் கட்டினார்கள். அதற்கு வேண்டியது கிலோவுக்குச் சுமார் 1,460 கிலோகலோரி. டெல்லிக் குப்பையில் கிடைத்தது 600, 700. சோதனை ஓட்டம் 21 நாள் நடந்தது, அவ்வளவுதான். நம் ஊரிலும் அப்படி ஒரு கதை உண்டு. 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் பெருங்குடியில் குப்பையை வாயுவாக்கி மின்சாரம் எடுப்பதாக வந்தது. அதே நிறுவனம் தன் சொந்த நாட்டில், வொல்லொங்காங்கில் வைத்திருந்த ஆலையே ஒழுங்காக ஓடாமல் மூடப்பட்டது. பெருங்குடித் திட்டமும் காகிதத்தோடு நின்றது.

இன்றைய உலைகள் அவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டெல்லி ஓக்லாவில் 2012-இல் தொடங்கிய ஆலை இன்றும் ஓடுகிறது. அதாவது எரியுமா என்ற கேள்வியை அது தாண்டிவிட்டது. ஆனால் பக்கத்திலேயே சுக்தேவ் விகார் குடியிருப்பு. அங்கே இருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் ஆலைக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது, ஆலையைத் தொடர்ந்து ஓட்டவும் அனுமதித்தது. எனக்கு இந்தத் தீர்ப்பில் அபராதத்தைவிட இரண்டாவது பாதிதான் முக்கியமாகப் படுகிறது. கட்டி முடித்து, ஒரு பெருநகரத்தின் குப்பை தினமும் அதற்குள் போய்க்கொண்டிருக்கும்போது, எந்த நீதிமன்றத்துக்கும் அதை நிறுத்தக் கை வராது. நிறுத்தினால் அந்த இரண்டாயிரம் டன் நாளைக் காலை எங்கே போகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் சண்டை போடுவதானால் அனுமதி கொடுப்பதற்கு முன்னால் போட வேண்டும்.

புகைக்கு வருவோம். டையாக்சின், ஃப்யூரான் என்ற கொடிய நச்சுகள் எரிவதற்காக உள்ளே போகும் பொருள்கள் அல்ல. பி.வி.சி. பிளாஸ்டிக்கிலும், ஏன், நம் சாப்பாட்டு உப்பிலும் இருக்கும் குளோரின், எரிந்த புகை ஆறும்போது கரித்துகள்களோடு சேர்ந்து புதிதாக உருவாக்குபவை. 200 முதல் 450 டிகிரி வரை உள்ள இடைவெளியைப் புகை மெதுவாகக் கடந்தால் அவை நிறையப் பிறக்கும், சட்டென்று குளிரவைத்தால் குறையும். விதி அனுமதிப்பது ஒரு கனமீட்டருக்கு 0.1 நானோகிராம், ஐரோப்பாவில் உள்ள அதே வரம்பு. எண்ணில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. அளப்பதில்தான் வித்தியாசம். தூசி, கந்தக டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு எல்லாவற்றையும் புகைபோக்கியில் பொருத்திய கருவி நிமிடத்துக்கு நிமிடம் காட்டும். டையாக்சினை அந்தக் கருவி காட்டாது. மணிக்கணக்கில் புகையை உறிஞ்சி மாதிரி எடுத்து, அதற்கென்று உள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதை எப்போதாவதுதான் செய்வார்கள், அதுவும் உலை நன்றாக எரியும் நாளில். உலையை அணைத்துத் திரும்பப் பற்றவைக்கும் நேரத்தில்தான் சூடு போதாமல் கெட்ட புகை அதிகம் வரும். ஈரக் குப்பை போகும் உலை அடிக்கடி தடுமாறும். மழைக்காலம் நமக்கு மூன்று மாதம்.

இன்னொன்று, இதை இரண்டு தரப்பும் மேடையில் அதிகம் பேசுவதில்லை. வடிகட்டி நன்றாக வேலை செய்தால் விஷம் மறைந்துவிடுவதில்லை, சாம்பலில் சேர்கிறது. புகை எவ்வளவு சுத்தமோ, வடிகட்டிப் பையில் விழும் நுண்சாம்பல் அவ்வளவு நஞ்சு. உள்ளே போவதில் ஐந்தில் ஒரு பங்கு அடிச்சாம்பலாக மிஞ்சும் என்று வைத்தால் நாளுக்கு 420 டன். நுண்சாம்பல் நூற்றுக்கு மூன்று என்றாலும் 63 டன், தினமும். முதலாவதைக் கல் அறுக்கவோ ரோட்டுக்கு அடியில் போடவோ பார்ப்பார்கள். இரண்டாவது அபாயக் கழிவு. அதற்கென்று அடியில் விரிப்புப் போட்டுக் கட்டிய குழியில்தான் புதைக்க வேண்டும். குப்பைமேட்டை ஒழிக்க வந்த ஆலைக்கே ஒரு குழி வேண்டியிருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தை என்ன செய்தது என்று பார்த்தவர்களிடம் போய் "சாம்பலை நாங்கள் பத்திரமாகக் கையாள்வோம்" என்று சொல்வதற்கு நிறைய தைரியம் வேண்டும்.

விலை? மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2015-இல் குப்பை மின்சாரத்துக்கு யூனிட் 7 ரூபாய் 4 காசு என்று வைத்தது. சூரிய மின்சாரம் ஏலத்தில் இரண்டரை, மூன்று ரூபாய்க்குப் போகிறது. 2016-ஆம் ஆண்டு மின்கட்டணக் கொள்கைப்படி மாநிலத்தில் உற்பத்தியாகும் குப்பை மின்சாரம் முழுவதையும் மின்வாரியம் வாங்கியாக வேண்டும். தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2-இல் 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதில் 31 என்பது சமுத்திரத்தில் ஒரு குடம். ஆகவே மின்சாரத்துக்காக இந்த ஆலை என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். குப்பையை ஒழிக்கத்தான் ஆலை, மின்சாரம் அதன் கொசுறு.

கோபன்ஹேகனில் உச்சியில் பனிச்சறுக்கு விளையாடும் எரிஉலை இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, 2017-இல் திறந்தது. அங்கே மின்சாரமாக மாறாத மிச்ச வெப்பம் குழாய் வழியே வீடுகளைச் சூடாக்கப் போகிறது, அதனால் கணக்கு கட்டுப்படியாகிறது. அக்னி நட்சத்திரத்தில் சென்னையில் யார் வீட்டுக்கு வெந்நீர்க் குழாய் போடுவது? அதோடு டென்மார்க், உலைக்குத் தீனி போதாமல் வெளிநாட்டிலிருந்து குப்பை வாங்கி எரிக்கும் நாடு.

தீனி என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. சென்னையின் தினசரிக் குப்பை ஐயாயிரம் டன்னுக்கு மேல். அதில் பாதி மக்கும் குப்பை. மிச்சம் இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் டன்னில் தெருக் கூட்டிய மண், உடைந்த ஓடு, காகிதம், அட்டை, பாட்டில், இரும்பு எல்லாம் அடக்கம். காயலாங்கடைக்குப் போக வேண்டியது போனால் உலைக்கு மிஞ்சுவது பிஸ்கட் பாக்கெட் உறை, கிழிந்த துணி, பழைய செருப்பு, தெர்மோகோல், டயப்பர். இதில் 2,100 டன் எங்கே இருக்கிறது? இல்லை. அப்படியானால் உலை இரண்டு வழியில்தான் வயிற்றை நிரப்ப முடியும். ஈரக் குப்பையை வாங்க வேண்டும், அல்லது காயலாங்கடையின் வாயிலிருந்து பிடுங்க வேண்டும். இந்த வகை ஒப்பந்தங்கள் இருபது, இருபத்தைந்து ஆண்டுக்குப் போடப்படும். தினமும் இவ்வளவு டன் தருகிறேன் என்று நகராட்சி கையெழுத்துப் போடுவதும் வழக்கம். அப்புறம் நகரம் குப்பையைக் குறைக்கக் குறைக்க நகரத்துக்கே நஷ்டம்.

சிமென்ட் ஆலைக்கு அனுப்பினால்

காய்ந்த, எரியக்கூடிய குப்பையைத் துண்டு போட்டு ஆர்.டி.எஃப். என்ற எரிபொருளாக்கி, சிமென்ட் சூளையில் நிலக்கரிக்குப் பதிலாகப் போடுவது. சூளைக்குள் 1,400 டிகிரிக்கு மேல் சூடு, உலையைவிட அதிகம். சாம்பல் தனியாக மிஞ்சாது, சிமென்டோடு சேர்ந்துவிடும். புதிதாகப் புகைபோக்கி கட்ட வேண்டாம், ஒப்பந்தத்தையும் சின்னதாக, இரண்டு மூன்று ஆண்டுக்குப் போட்டுப் பார்க்கலாம். என் படிக்கல்லுக்கு இது நன்றாகவே நிற்கிறது.

குறைகள் இரண்டு. சிமென்ட் ஆலைகள் இருக்கும் அரியலூர் வட்டாரம் சென்னையிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். லாரிக்கு 15 டன் என்று வைத்தால் 500 டன் அனுப்ப முப்பது லாரிக்கு மேல் தினமும் ஓட வேண்டும். சிமென்ட் ஆலைக்காரர்களும் வருவதையெல்லாம் வாங்க மாட்டார்கள். ஈரம் இருந்தால் தள்ளிவிடுவார்கள், குளோரின் அதிகமிருந்தால் சூளையில் படிந்து அடைக்கும் என்று திருப்பி அனுப்புவார்கள். இரண்டாவது குறை மனச்சாட்சி சம்பந்தப்பட்டது. சுண்ணாம்புக்கல் தூசியைத் தின்றுகொண்டிருக்கும் அரியலூர்க்காரர்களுக்கு நம் செருப்பின் புகையையும் சேர்த்து அனுப்புகிறோம். கொடுங்கையூருக்கு வேண்டாம் என்றால் அரியலூருக்கு மட்டும் வேண்டுமா? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அளவைச் சின்னதாக வைத்துக்கொள்வதும், அங்கேயும் மக்களைக் கூட்டிவைத்துக் கேட்பதும்தான் நான் சொல்லக்கூடியது.

பிரித்தால்

எல்லோரும் தலையாட்டும் வழி இது. அதனாலேயே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

ஊரடங்குக் காலத்தில் நானும் மொட்டைமாடியில் ஒரு பழைய பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டு எரு தயாரிக்க இறங்கினேன். காய்கறித் தோலோடு நிறுத்தியிருக்கலாம். ஆர்வக் கோளாறில் மிஞ்சிய ரசம் சாதத்தையும் மத்தி மீன் தலையையும் போட்டேன். பத்தாம் நாள் மூடியைத் திறந்தபோது உள்ளே வெள்ளையாக நெளிந்தது. அம்மா படியிலேயே நின்று, "டேய், இதை இன்னிக்கே கொண்டுபோய்க் கொட்டு, இல்லேன்னா நான் உன்னையும் சேர்த்துக் கொட்டிடுவேன்" என்றார். எதிர்வீட்டுப் பூக்கார அக்காதான் விஷயம் சொன்னார். ஈரத்துக்குச் சமமாகக் காய்ந்த சருகோ தென்னைநார்த் தூளோ போடணும், மீன் கூடாது, இரண்டு நாளைக்கு ஒரு தடவை கிளறணும். இரண்டாவது வாளி ஒன்றரை மாதத்தில் மழை மண் வாசனையோடு கறுப்பாக இறங்கியது. என் முதல் தோல்விக்கு ஆன நஷ்டம் ஒரு வாளியும் அம்மாவிடம் வாங்கிய திட்டும்.

நகர அளவிலும் இந்த வழியின் பலம் அதுதான். சேத்துப்பட்டில் ஈரக் குப்பையிலிருந்து பயோ சி.என்.ஜி. என்ற வாகன எரிவாயு எடுக்கும் நிலையம் நாளுக்கு 100 டன்னுக்கானது. கோயம்பேடு சந்தையில் 2005 வாக்கில் வைத்த சாண எரிவாயு மாதிரியான ஆலை 30 டன்னுக்கானது, சந்தைக் குப்பை முழுவதற்கும் அது போதவில்லை. இப்படி ஒரு நிலையத்தில் பிளாஸ்டிக் கலந்து தொட்டி புளித்துப்போனால், காலிசெய்து, சாணிக் கரைசல் ஊற்றித் திரும்பத் தொடங்கலாம். அந்த மாதம் 100 டன் தேங்கும். 2,100 டன் தேங்காது. இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த 550 டன் பயோ சி.என்.ஜி. ஆலை ஓடுவதற்குக் காரணம் இயந்திரம் அல்ல. அந்த ஊரில் வீட்டு வாசலிலேயே குப்பை பிரிந்து வருகிறது.

நம் ஊரில் வருவதில்லை. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தனித்தனியாகக் கொடுக்கச் சொல்லி 2000-ஆம் ஆண்டு விதிகளிலேயே எழுதிவைத்தார்கள். கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. எரிஉலை வேண்டும் என்பவர்களின் வலுவான வாதமும் இதுதான்: ஜனங்கள் பிரிக்கப் போவதில்லை, கனவு காணாதீர்கள், வருகிற குப்பைக்கு வழி சொல்லுங்கள். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் அது அவர்கள் காலையே வாரிவிடும் வாதம். பிரிக்காத குப்பை ஈரம். ஈரக் குப்பை உலையில் எரியாது. எரிக்க வேண்டுமென்றாலும் பிரித்தாக வேண்டும். பிரித்துவிட்டாலோ எரிக்க அவ்வளவு மிஞ்சாது.

பிரிப்பதை வீடுகளில் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. 2016 விதிகளின்படி நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்கள், ஓட்டல், கல்யாண மண்டபம், விடுதி, பெரிய அடுக்குமாடி எல்லாம், பெருமளவில் குப்பை உருவாக்குவோர் கணக்கில் வந்தன. முகூர்த்த நாளில் ஒரு மண்டபத்தின் பின்வாசலில் எச்சில் இலையும் சாம்பார் சாதமும் எவ்வளவு இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். அது ஏற்கெனவே தனியாகத்தான் கிடக்கிறது, நாம்தான் கொண்டுபோய்க் கலக்கிறோம். மீன் சந்தை, பூச்சந்தை, காய்கறிச் சந்தை, இளநீர்க் கடைகள். சில நூறு இடங்களில் ஆளை நிறுத்தி ஒழுங்காக எடுத்தாலே லட்சக்கணக்கான கதவைத் தட்டாமல் ஒரு நல்ல பங்கு ஈரம் வெளியேறிவிடும். நாளுக்கு 2,500 டன் ஈரக் குப்பைக்குச் சேத்துப்பட்டு அளவில் 25 நிலையம் வேண்டும். மண்டலத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், இடம் கிடைப்பது கஷ்டம்தான், நாற்றத்துக்குப் பயந்து அங்கேயும் ஆட்கள் மறியல் செய்வார்கள். ஆனால் ஒரே இடத்தின் தலையில் மொத்தமும் விழாது.

இந்த வழிக்கு மனிதர்கள் வேண்டும் என்பதையும் மறைக்கக் கூடாது. வாசலில் இரண்டு வாளியை வாங்கி, கலந்திருந்தால் திருப்பிக் கொடுத்து, "அக்கா, நாப்கினைத் தனியா காகிதத்துல சுத்திக் குடுங்க" என்று நூறாவது தடவையும் சொல்பவர் தூய்மைப் பணியாளர். 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து அவர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய வேலையும் சம்பளமும் ஆட்டம் கண்டுகொண்டிருக்கும்வரை பிரிக்கும் திட்டமும் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

இடம்

எந்த வழி என்பதோடு, எங்கே என்ற கேள்வியும் இருக்கிறது. கொடுங்கையூரில் பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும்போது குப்பைமேட்டுப் புகை கண்ணதாசன் நகர், முத்தமிழ் நகர்ப் பக்கம் போகும். ராத்திரி காற்று திரும்பினால் தண்டையார்பேட்டைப் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வந்தால் எம்.கே.பி. நகர், வியாசர்பாடி. யாருக்கும் முழுநாள் விடுமுறை கிடையாது. வடக்கே மணலியில் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை. அதற்கும் வடக்கே வல்லூரில் 1,500 மெகாவாட், அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் வந்து படர்ந்தது. அந்த மாதமே 26-ஆம் தேதி ராத்திரி கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவ்வளவுக்கும் மேல் இன்னொரு புகைபோக்கி. தனியாக அளந்தால் அது வரம்புக்குள் இருக்கலாம். மூச்சு இழுப்பவரின் நுரையீரல் தனித்தனியாக அளப்பதில்லை.

ஆகவே என் தேர்வு வெளிப்படையானது. 2,100 டன் உலைக்கு இப்போது அனுமதி கூடாது. முதல் மூன்று ஆண்டு சந்தை, மண்டபம், ஓட்டல், அடுக்குமாடிகளின் ஈரக் குப்பையை மண்டல வாரியாக எருவாகவும் எரிவாயுவாகவும் மாற்ற வேண்டும். காயலாங்கடையும் குப்பை பொறுக்குபவர்களும் எடுப்பது அவர்களுக்கே போகட்டும், அவர்களுக்கு அடையாள அட்டையும் நிழலுள்ள இடமும் கொடுத்து. காய்ந்த மிச்சத்தைக் குறுகிய ஒப்பந்தத்தில் சிமென்ட் ஆலைகளுக்கு அனுப்பலாம். டயப்பரும் நாப்கினும் எந்த வழியிலும் அடங்காமல் நிற்கும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று ஒன்று அறிவிக்கப்பட்டால், சட்டப்படி முப்பது நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், ஆட்சியரோ அவர் அனுப்புபவரோ தலைமை தாங்குவார். அங்கே "விஷம், விஷம்" என்று மட்டும் முழங்கினால் பதிவேட்டில் "பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்று ஒரு வரி ஏறும். அதைவிட, குப்பையின் கலோரி எந்த மாதத்தில், எந்த மண்டலத்தில் எடுத்த மாதிரியிலிருந்து வந்தது, மழைக்கால மாதிரி உண்டா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் தினசரி டன் உத்தரவாதம் இருக்கிறதா, குறைந்தால் யார் அபராதம் கட்டுவது? நுண்சாம்பல் எந்த ஊர்க் குழிக்குப் போகிறது? உலை அணைந்து பற்றிய ஒவ்வொரு தடவையும் நேரத்தோடு குறித்து மறுநாள் வெளியிடுவார்களா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கினால் அது நீதிமன்றத்திலும் கூட வரும்.

மூன்று ஆண்டு கழித்து, ஈரமெல்லாம் போய், காயலாங்கடைக்குப் போனது போக மிச்சம் என்ன என்று எடை போட்டுப் பார்த்து, எரிக்கத்தான் வேண்டும் என்று ஆனால் பேசலாம். அப்போது தேவைப்படுவது 400, 500 டன் உலையாக இருக்கும் என்பது என் ஊகம். அதை எங்கே வைப்பது என்ற சண்டையை அப்போது போட்டுக்கொள்ளலாம், இடங்களின் பட்டியலில் அண்ணா நகரையும் அடையாறையும் சேர்த்துக்கொண்டு.